மோட்டார் கொதிக்கிறதா? மின்சார ரேஸ் படகில் அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

ரிமோட் ரேஸ் படகு கரைக்கு வந்ததும் மேல்மூடியைத் திறந்தால் மோட்டாரைத் தொட முடியவில்லை என்றால், பலரும் உடனே குளிர்விப்பைத்தான் குறை சொல்கிறார்கள். மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடவிடும் உறையான வாட்டர் ஜாக்கெட்டைப் பெரிதாக வாங்குகிறார்கள், தண்ணீர்க் குழாயை அகலப்படுத்துகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

4 நிமிடம் ஓடிய படகின் பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்யும்போது 3600 மில்லி ஆம்பியர் மணி உள்ளே போனதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் சராசரியாக 54 ஆம்பியர் ஓடியிருக்கிறது. 14 வோல்ட்டில் அது ஏறத்தாழ 750 வாட். மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் என்றால் 150 வாட் வெப்பமாகப் போகிறது. ஆறு 25 வாட் சாலிடரிங் அயர்ன்களை மூடிய டப்பாவுக்குள் வைத்தது போன்ற சூடு அது. ஆனால் நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஜாக்கெட் வழியாகப் போனால், இந்த 150 வாட்டையும் வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் 4 டிகிரி மட்டுமே சூடேறும். அதாவது கொஞ்சம் தண்ணீரே போதும். அது சீராக வந்துகொண்டிருக்கும்போதும் மோட்டார் கொதிக்கிறது என்றால், வைண்டிங்கில் (மோட்டாருக்குள் சுற்றிய செப்புக் கம்பியில்) பிறக்கும் வெப்பம் உலோக உறைக்கு வந்து சேரும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் பிறக்கிறது என்று பொருள். வெப்பம் பிறக்கும் இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் பரவலாக ஓடும் ஓர் அமைப்பை மனதில் வைத்து எழுதியது: 70 செ.மீ. நீளமுள்ள மோனோ (ஒற்றை உடல்) படகு, 4 எஸ் (நான்கு செல் தொடராக உள்ள) லிப்போ பேட்டரி, 36 மி.மீ. விட்டத்தில் 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுழற்சி) அளவுள்ள நான்கு துருவ பிரஷ்லெஸ் இன்ரன்னர் (உள்பகுதி சுழலும்) மோட்டார், 4.76 மி.மீ. ஃபிளெக்ஸ் ஷாஃப்ட், பாதி நீருக்கு மேலே சுழலும் இரண்டு இதழ் புரொப்பெல்லர் (கீழே விசிறி என்பதும் இதையே). உங்கள் படகு இதைவிடச் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கலாம். எண்கள் மாறும், காரணங்கள் மாறாது.

தொடங்கும் முன்: சூட்டைச் சரியாக அளப்பது

கையால் தொட்டுப் பார்ப்பது அளவு ஆகாது. இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று தேவை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மினுமினுக்கும் அலுமினிய உறையில் அதைக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவான எண்ணே வரும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளியிடுகிறது. மோட்டாரிலும் ஜாக்கெட்டின் விளிம்பிலும் விரல்நக அளவுக்குக் கறுப்பு மின்சார டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் மட்டும் அளந்து பாருங்கள். டேப் ஒட்டாமல் 45 டிகிரி என்று காட்டிய மோட்டார், ஒட்டியபின் 75 காட்டினால் வியப்படைய வேண்டாம்.

படகு கரை சேர்ந்த உடனே அளக்க வேண்டும். மோட்டாரின் முன்பக்கம், பின்பக்கம், ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), பேட்டரி, கனெக்டர்கள், ஷாஃப்ட் போகும் பித்தளைக் குழாய் ஆகிய ஆறு இடங்களையும் பாருங்கள். எது எவ்வளவு சூடு என்பதைவிட, எது மற்றதைவிடச் சூடு என்பதே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். கூடவே ஓடிய நேரத்தையும் சார்ஜர் திரும்பப் போட்ட மில்லி ஆம்பியர் மணியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மில்லி ஆம்பியர் மணியை 0.06 ஆல் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் சராசரி ஆம்பியர் கிடைத்துவிடும். விலை உயர்ந்த டேட்டா லாகர் இல்லாதவருக்கு இந்த நோட்டுதான் டேட்டா லாகர்.

மோட்டாரின் வெளிப்புறம் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை என்றால் நிம்மதியாக ஓட்டலாம். 80ஐத் தொட்டால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். வெளியே 80 என்றால் உள்ளே வைண்டிங் அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கிறது. சாதாரண 'என்' (N) தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் தன் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். எஸ்.எச். தரக் காந்தம் 150 டிகிரி வரை தாங்கும். உங்கள் மோட்டாருக்குள் எந்தத் தரம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. லிப்போ பேட்டரி 60 டிகிரியை நெருங்கவே கூடாது.

அறிகுறி: மோட்டார், ஈ.எஸ்.சி., பேட்டரி எல்லாமே சூடு

மூன்றும் சேர்ந்து சூடேறினால் பாகங்களில் பழுது தேடாதீர்கள். படகு தாங்க முடியாத சுமையை இழுக்கிறது, அவ்வளவுதான். பத்தில் எட்டுப் படகுகளின் கதை இதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். முதல் சந்தேகம் புரொப்பெல்லர் மீது.

விசிறியின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் சுமை வெகுவாக ஏறும் என்பதைப் பலர் எண்ணால் உணர்ந்திருப்பதில்லை. ஒரே வடிவம், ஒரே சுழற்சி வேகம் என்றால், சுமை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. 40 மி.மீ.யிலிருந்து 42 மி.மீ.க்குப் போவது கண்ணுக்கு அற்ப வித்தியாசம். ஆனால் சுமை தோராயமாக 28 சதவீதம் ஏறிவிட்டது. வைண்டிங்கில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது 60 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கும். பேட்டரியை மாற்றுவதும் இப்படித்தான். 4 எஸ்ஸிலிருந்து 5 எஸ்ஸுக்குப் போனால் மின்னழுத்தம் கால் பங்கு கூடுகிறது. சுழற்சியும் அதே அளவு ஏறினால் திறன் மூன்றாம் அடுக்கில் ஏறி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பேட்டரியை ஏற்றும்போது விசிறியைச் சிறிதாக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விட்டத்தோடு பிட்ச்சையும், அதாவது ஒரு சுற்றில் விசிறி கணக்குப்படி முன்னேறும் தூரத்தையும், பாருங்கள். ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ் வரிசை விசிறிகளில் இதைப் பெயரிலேயே படிக்கலாம். எக்ஸ்442 என்றால் பிட்ச் விகிதம் 1.4, விட்டம் 42 மி.மீ., ஆகவே பிட்ச் 58.8 மி.மீ. எக்ஸ்640 என்றால் விகிதம் 1.6, விட்டம் 40, பிட்ச் 64 மி.மீ. முன்னதைவிடச் சிறிய விசிறி என்று நினைத்து எக்ஸ்640ஐ மாட்டினால் சூடு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பிட்ச் கூடிவிட்டது. இதழின் பின்விளிம்பைக் கொஞ்சம் வளைத்து 'கப்' கொடுத்திருந்தால் அதுவும் பிட்ச்சைக் கூட்டிய கணக்குத்தான்.

செய்ய வேண்டியது: விட்டத்தில் 2 மி.மீ. இறங்குங்கள். அதே இடத்தில் 1 நிமிடம் மட்டும் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். சூடு நியாயமாக இருந்தால் 2 நிமிடம், பிறகு முழு நேரம். புதிய விசிறியோ புதிய பேட்டரியோ மாட்டிய நாளில் எடுத்த எடுப்பில் முழு நேரம் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பலர் அஞ்சுவதுபோல் விசிறி சிறிதானால் வேகம் பெரிதாக விழுவதும் இல்லை. சுமை குறைந்ததும் மோட்டார் கூடுதலாகச் சுழல்கிறது, பேட்டரியின் மின்னழுத்தமும் அவ்வளவாகத் தாழ்வதில்லை. ஓட்டத்தின் கடைசி நிமிடத்தில் பெரும்பாலும் அந்தப் படகே முன்னால் இருக்கும்.

யாருடைய அமைப்பைப் பார்த்து விசிறி தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். நேர்கோட்டில் சில விநாடி மட்டும் ஓடி வேகச் சாதனைக்குப் போட்டியிடுபவர் மாட்டும் விசிறி வேறு. ஐரோப்பாவில் நவிகா என்ற மாதிரிப் படகு அமைப்பின் மோனோ, ஹைட்ரோ பிரிவுகளில் 6 நிமிடம் விடாமல் ஓட்டுபவரின் விசிறி வேறு. சாதனை ஓட்டத்துக்குச் சரியான விசிறி உங்கள் மோட்டாரை இரண்டாவது நிமிடத்தில் எரித்துவிடலாம். குளிர் நாட்டு ஏரியில் 15 டிகிரித் தண்ணீரை உறிஞ்சி ஓடும் படகுக்குச் சரியாக இருந்த அமைப்பு, கோடையில் 30 டிகிரிக்கு நிற்கும் நம் ஊர்க் குளத்தில் அதே பலனைக் கொடுக்காது. ஜாக்கெட்டால் மோட்டாரைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது.

விசிறி நியாயமானதுதான், ஆனாலும் எல்லாம் சூடு என்றால், படகு நீரில் எப்படிப் போகிறது என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நல்ல மோனோ, அடிப்பகுதியின் பின் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் நீரைத் தொட்டுப் போகும். முன்பாதியிலிருந்தே நீர் தெறித்தால் அது நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. புவியீர்ப்பு மையம் பின்பலகையிலிருந்து படகின் நீளத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 70 செ.மீ. படகில் அது 21 செ.மீ. பேட்டரியை 1 செ.மீ. பின்னுக்கு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதிகமாக நகர்த்தினால் மூக்கு துள்ளத் தொடங்கும், கவனம். படகின் பின்னால் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட் மிக ஆழமாக இருந்தால் விசிறி முழுதும் நீருக்குள் அமிழ்ந்து வீணாகச் சுமை வாங்கும். 1 மி.மீ. உயர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி 1 மி.மீ. என்று போங்கள். பின்பலகையில் உள்ள டிரிம் டேப் தகடுகள் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அவை பிரேக் போட்டதற்குச் சமம்.

அறிகுறி: மோட்டாரின் முன்முனையும் பித்தளைக் குழாயும் சூடு

மோட்டாரின் பின்பக்கத்தைவிட ஷாஃப்ட் வரும் பக்கம் தெளிவாகச் சூடாக இருந்தால், அல்லது ஷாஃப்ட் போகும் குழாயைத் தொட்டாலே சூடு தெரிந்தால், உராய்வில்தான் ஆற்றல் வீணாகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு விசிறியை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். காந்தங்களால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு தட்டு உணர்வது இயல்பு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சொரசொரப்போ இழுவையோ இருக்கக் கூடாது. இருந்தால் இணைப்புத் துண்டான கப்ளரைத் தளர்த்தி ஷாஃப்ட்டை மோட்டாரிலிருந்து பிரித்து, இரண்டையும் தனித்தனியே சுழற்றிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் பிடிபடுவது, டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. விசிறியைப் பிடித்துச் சுழற்றும் அந்தச் சிறு உலோகத் துண்டு, ஸ்ட்ரட்டின் முகத்தை ஒட்டி நிற்பது பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் என்பது பல அடுக்குக் கம்பி முறுக்கு. சுமை ஏறும்போது முறுக்கு இறுகி நீளம் குறைகிறது. இடைவெளி இல்லாமல் பூட்டியிருந்தால், முழு வேகத்தில் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டின் புஷ்ஷை அழுத்தித் தேய்க்கும். மேசை மேல் வைத்துக் கையால் சுழற்றும்போது எந்தத் தடையும் தெரியாது, நீரில் மட்டும் பிரேக் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு பலரைப் பல வாரம் அலைக்கழிக்கிறது. ஸ்ட்ரட்டின் பின்முகத்தில் வட்டமாக ஒரு பளபளப்புத் தேய்மானம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். கப்ளரைத் தளர்த்தி, ஷாஃப்ட்டைப் பின்னால் இழுத்து, 3 மி.மீ. இடைவெளி விட்டு இறுக்குங்கள். 3 மி.மீ. தடிமன் அட்டைத் துண்டு ஒன்றை நடுவே வைத்துப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் அளவு தப்பாது.

அந்த முறுக்குக்கு ஒரு திசை உண்டு. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் ஷாஃப்ட் இறுகுவதற்குப் பதில் பிரிந்து தடித்து, குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும். மோட்டார் வயர்களைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் கோளாறு வந்திருந்தால் திசையை முதலில் சரிபாருங்கள். மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றினால் திசை திரும்பிவிடும்.

கிரீஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஷாஃப்ட்டை முழுவதுமாக வெளியே உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, நீரில் கரையாத மரைன் கிரீஸைப் பூசி உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்ட நாள் முடிவிலும் இதைச் செய்வது நல்லது. துணியில் துடைக்கும்போது கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. கறுத்து, விரலில் நறநறத்தால் மணலோ உலோகத் தூளோ உள்ளே இருக்கிறது. டெஃப்லான் உள்ளுறை இருக்கும் குழாய் என்றால் அது ஒரு முனையில் நகர்ந்து மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஷாஃப்ட்டும் குழாயும் நலம் என்றால், மோட்டார் குழாயோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்ளரைத் தளர்த்தியதும் ஷாஃப்ட்டின் முனை தானாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஓடி நின்றால், மோட்டார் தாங்கியின் திருகுகளைத் தளர்த்தி நேராக்குங்கள். இல்லாவிட்டால் முன் பேரிங் வளைவிசையைத் தாங்கித் தாங்கியே சீக்கிரம் போய்விடும்.

அறிகுறி: மோட்டார் மட்டும் கொதிக்கிறது, ஈ.எஸ்.சி.யும் பேட்டரியும் வெதுவெதுப்புத்தான்

மின்னோட்டம் அளவோடுதான் ஓடுகிறது, ஆனால் மோட்டார் மட்டும் சூடாகிறது. இங்கே பார்க்க வேண்டியவை நான்கு.

டைமிங் ஒன்று, அதாவது சுழலும் காந்தத்தின் நிலைக்கு எவ்வளவு முன்னதாக வைண்டிங்குக்கு மின்சாரம் தருவது என்ற அமைப்பு. ஈ.எஸ்.சி.யில் டைமிங்கைக் கூட்டினால் சுழற்சி கொஞ்சம் கூடும், சூடு அதைவிட அதிகமாகக் கூடும். நான்கு துருவ இன்ரன்னருக்கு 7.5 முதல் 15 டிகிரிக்குள் வைப்பதே வழக்கம், இரண்டு துருவ மோட்டாருக்கு அதைவிடக் குறைவு. யாரோ சொன்னார்கள் என்று 26இல் வைத்திருந்தால் இறக்குங்கள்.

இரண்டாவது, சுழற்சியின் உச்சம். 2000 கேவி மோட்டார் 14.8 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 முறை சுழலும். சுழற்சி ஏற ஏற மோட்டாரின் இரும்புத் தகடுகளுக்குள்ளேயே வெப்பம் பிறக்கும், இதற்குப் பெரிய மின்னோட்டம் தேவையில்லை. மோட்டார் தயாரிப்பாளர் சொன்ன உச்ச எண்ணிக்கையைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, காந்தம். ஏற்கெனவே ஒருமுறை கடுமையாகச் சூடான மோட்டார் என்றால், அதன் காந்தம் வலிமை இழந்திருக்கலாம். காந்தம் தளர்ந்தால் அதே விசைக்கு அதிக மின்னோட்டம் தேவைப்படும், அது மேலும் சூடாக்கும், அந்தச் சூடு காந்தத்தை மேலும் தளர்த்தும். செப்புக் கம்பியும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் செம்பின் மின்தடை 0.39 சதவீதம் ஏறுகிறது. 30 டிகிரியில் இருந்த வைண்டிங் 110ஐத் தொட்டால் தடை 31 சதவீதம் கூடிவிடும். சோதிக்க ஒரு பாதுகாப்பான வழி உண்டு. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, 2 எஸ் பேட்டரியில் சில விநாடி மட்டும் முழு த்ராட்டில் கொடுத்து, மின்னோட்டத்தை வாட் மீட்டரில் பாருங்கள். மோட்டார் புதிதாக வாங்கிய நாளிலேயே இந்த எண்ணை எழுதி வைத்திருந்தால் ஒப்பிடச் சுலபம். பேரிங் நலமாக இருந்தும் எண் தெளிவாக ஏறியிருந்தால் அந்த மோட்டாரின் காலம் முடிந்தது. அதை ஜாக்கெட் மாற்றிக் காப்பாற்ற முடியாது.

நான்காவதை நான் தனியாகவே எச்சரிக்கிறேன்: முன்தகட்டுத் திருகின் நீளம். மோட்டாரைத் தாங்கியில் பொருத்தும் திருகு ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால், துளையைத் தாண்டி உள்ளே போய் வைண்டிங்கின் எனாமல் பூச்சைச் சுரண்டிவிடும். மோட்டார் ஓடும், ஆனால் ஒரு பகுதி குறுக்குச் சுற்றாகிக் கொதிக்கும். பல்குத்தும் குச்சியைத் துளைக்குள் விட்டு, எதையாவது தொடும் இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அளங்கள். அதோடு தாங்கித் தகட்டின் தடிமனைக் கூட்டி, அதற்குக் குறைவான நீளத்தில் திருகு போடுங்கள்.

அறிகுறி: தண்ணீர் பீச்சுவது மெலிந்துவிட்டது அல்லது நின்றுவிட்டது

தண்ணீர் வெளியேறும் துளையைப் படகின் பக்கத்தில், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். பின்பலகையில் வைத்தால் விசிறி கிளப்பும் நீரில் அது தெரியவே தெரியாது.

மெலிந்திருந்தால், 50 மில்லி சிரிஞ்சில் நீர் ஏற்றி வெளிவாயிலிருந்து பின்னோக்கித் தள்ளுங்கள். அடைத்த பாசியும் மணலும் வந்த வழியே வெளியேற வேண்டும், முன்பக்கத்திலிருந்து தள்ளினால் இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்கும். பாசி படர்ந்த குளத்தில் ஓட்டுபவர்கள் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு இதைச் செய்வது நல்லது. சிலிகான் குழாய் தடுப்புப் பலகையைத் தாண்டும் இடத்தில் மடிந்திருக்கிறதா, சப்பையாகிறதா என்றும் பாருங்கள்.

குழாய்கள் சுத்தம், ஆனால் ஓடும்போது மட்டும் நீர் வரவில்லை என்றால், நீர் ஏறும் வாய் நீருக்கு வெளியே இருக்கிறது. வேகத்தில் படகு உயர எழும்போது சுக்கானில் உள்ள துளையும் மேலே வந்துவிடும். துளை சுக்கானின் அடிமுனைக்கு அருகில் இருக்க வேண்டும். கடல்நீரிலோ உப்பங்கழியிலோ ஓட்டினால் நன்னீர் விட்டுக் கழுவாத ஜாக்கெட்டுக்குள் வெள்ளைப் படிவு தங்கிவிடும். அலுமினியத்தை அது அரித்து ஓ-ரிங் வழியாகக் கசிவும் தொடங்கும்.

வெளியேறும் தண்ணீரை ஓடி நின்றவுடன் கையில் பிடித்துப் பாருங்கள். குளத்து நீரைவிட லேசாக மட்டும் சூடு என்றால் ஓட்டம் போதும். கை சுடுகிறது என்றால் நீர் மிக மெதுவாக நகர்கிறது. ஒரே குழாயில் ஈ.எஸ்.சி., மோட்டார் இரண்டையும் குளிர்விப்பவர்கள் ஈ.எஸ்.சி.க்கு முதலில் நீரைக் கொடுங்கள், சூட்டைத் தாங்கும் சக்தி அதற்குத்தான் குறைவு. இரண்டுக்கும் தனித்தனி வழி வைப்பது இதைவிட நல்லது.

அறிகுறி: ஈ.எஸ்.சி. சூடு, மோட்டார் நலம்

அரை த்ராட்டிலில் நீண்ட நேரம் ஓட்டுபவரின் படகில் இது வரும். மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பது ஈ.எஸ்.சி.க்கு முழுதாகத் திறந்துவிடுவதைவிடக் கடினமான வேலை. மெதுவாக ஓட்ட விரும்பினால் சின்ன விசிறி மாட்டி முழு த்ராட்டிலில் போங்கள். பேட்டரியிலிருந்து ஈ.எஸ்.சி. வரை வரும் வயர் நீண்டிருந்தாலும் கெப்பாசிட்டர்கள் சூடாகும். அந்தப் பக்கத்தைக் குட்டையாக வைத்து, நீளம் தேவைப்பட்டால் மோட்டார் பக்கத்து வயரை நீட்டுங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

அறிகுறி: ஒரு கனெக்டர் மட்டும் சூடு

சாலிடர் சரியில்லை, அல்லது புல்லட் கனெக்டரின் பிடி தளர்ந்திருக்கிறது. கழற்றி, புதிதாக வையுங்கள். மோட்டாரின் மூன்று வயர்களில் ஒன்று இப்படியிருந்தால் மோட்டார் திக்கித் திக்கித் துவங்கும், அதிலேயே சூடும் ஏறும்.

அறிகுறி: போன வாரம் வரை நன்றாக ஓடியது, எதையும் மாற்றவில்லை, இன்று கொதிக்கிறது

முதலில் விசிறியைக் கழற்றுங்கள். டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே, வெளியே தெரியாமல், தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும். மீன் பிடிக்கும் குளங்களில் இது மிகச் சாதாரணம். நிறமற்ற நைலான் என்பதால் பார்த்தால் தெரியாது, ஊசி முனையால் கிளறினால்தான் வரும். சூட்டில் உருகி வளையம் போல இறுகியிருந்தால் பிளேடால் வெட்டி எடுக்க வேண்டும். ஆகாயத்தாமரை வேரும் இதே இடத்தில் சேரும். பிறகு இதழ்களைப் பாருங்கள். எதிலாவது மோதி ஒரு முனை வளைந்திருந்தால் அதிர்வும் சுமையும் சேர்ந்து ஏறும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் பேரிங். போன வாரம் நீர் புகுந்த மோட்டாரை அப்படியே மூடி வைத்திருந்தால் துரு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஓட்டி முடித்ததும் மேல்மூடியைத் திறந்து உலரவிட்டு, இரண்டு பேரிங்குக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது ஒரு நிமிட வேலைதான்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் சூடில்லை, பந்தயத்தில் சூடு

பந்தயத்தில் நீர் கலங்கியிருக்கும், திருப்பங்கள் நெருக்கமாக வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் படகு வேகம் இழந்து மறுபடி எழும்போது மோட்டார் உச்ச மின்னோட்டத்தை வாங்குகிறது. தொடங்கும் முன் காத்திருந்து ஊரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீர் ஏற்றுவது படகின் வேகம்தான், ஊரும் படகின் குளிர்விப்புக் குழாயில் தண்ணீர் ஏறாது. ஆகவே பயிற்சியில் முழு நேரமும் ஓடி 50 டிகிரிக்குள் நின்ற அமைப்பையே பந்தயத்துக்குக் கொண்டுபோங்கள். 65இல் நின்றதைக் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: கரைக்கு வந்தபோது அளவோடு இருந்தது, 2 நிமிடம் கழித்துச் சூடு ஏறியிருக்கிறது

நீர் ஓட்டம் நின்றதும் உள்ளே தேங்கிய வெப்பம் வெளியே வருகிறது. இது இயல்பு, ஆனால் 10 டிகிரிக்கு மேல் ஏறினால் உள்ளே வைண்டிங் நீங்கள் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசிச் சுற்றை மிதமான வேகத்தில் ஓட்டிக் கரை சேர்த்தால் தண்ணீர் ஓட்டம் கொஞ்சம் ஆற்றிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் மோட்டார் முழுதும் ஆறட்டும். சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜில் போடவே போடாதீர்கள்.

அறிகுறி: கருகிய வாடை, புகை

படகைக் கரைக்குக் கொண்டுவர மீண்டும் த்ராட்டில் கொடுக்காதீர்கள். மீட்புப் படகிலோ தூண்டில் நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்திலோ இழுத்து வாருங்கள். மேல்மூடியின் டேப்பைக் கிழித்து, பேட்டரியைக் கழற்றி, படகுக்கு வெளியே மணலில் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை இனிப் பயன்படுத்தக் கூடாது.

வைண்டிங் எரிந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே ஈ.எஸ்.சி.யில் உடனே மாட்டுவது விலை உயர்ந்த தவறு. குறுக்குச் சுற்றான மோட்டார் பெரும்பாலும் ஈ.எஸ்.சி.யில் மின்னோட்டத்தை வெட்டிவிடும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் ஒன்றையாவது காயப்படுத்தியிருக்கும், அந்த ஈ.எஸ்.சி. புதிய மோட்டாரையும் எரிக்கும். பேட்டரி இல்லாத நிலையில், மல்டிமீட்டரை மின்தடையில் வைத்து, ஈ.எஸ்.சி.யின் மூன்று மோட்டார் வயர்களையும் ஒவ்வொன்றாக நேர்மின் வயரோடும் எதிர்மின் வயரோடும் அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஈ.எஸ்.சி.யும் போய்விட்டது. மூன்றும் ஒத்திருந்தால், விசிறி இல்லாமல், 2 எஸ் பேட்டரியோடு 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தொடரில் போட்டு மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஃபியூஸ் நின்று, மோட்டார் திக்காமல் சுழன்றால் மட்டும் 4 எஸ்ஸை மாட்டுங்கள், முந்தியதைவிட 2 மி.மீ. சிறிய விசிறியோடு.